படிச்சுப் பார்க்கலையா, தாயீ?



இந்தப் பகுதியில் எத்தனையோ பேர் தங்கள் வீட்டு விஷயங்களை மனம் விட்டு எழுதுவதைப் படித்திருக்கிறேன். நடுவில் சில வருஷங்கள் படிக்கவில்லை. நேரமில்லை என்று சொன்னால் அது பொய். எதையுமே படிக்க முடியாமல் போயிருந்தது. அது ஏன் போயிற்று, எந்த ஊரில், யாரால் திரும்பி வந்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் பிறந்து வளர்ந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் கும்பகோணம். அம்மாவுக்குப் படிப்பு எட்டாவதுதான். ஆனால் பத்திரிகைகளில் வரும் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, பைண்டு பண்ணி, பரண் மேல் அடுக்கி வைத்திருப்பாள். லக்ஷ்மி, அநுத்தமா, சிவசங்கரி எல்லோரையும் நான் அந்தப் பரணில் இருந்துதான் படித்தேன். கல்யாணமான பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. அடுப்பில் சாதம் கொதிக்கும். கையில் புத்தகம் இருக்கும். "உன் கையிலே கரண்டி இருக்கிற நேரத்தை விட புஸ்தகம் இருக்கிற நேரம்தான் ஜாஸ்தி" என்று என் கணவர் கேலி செய்வார். புதுப் புத்தகம் வாங்கி வருகிறவரும் அவர்தான்.

2019 மார்ச் மாதம், ஒரு ராத்திரி. சாப்பிட்டு முடித்து, கூடத்தில் உட்கார்ந்து ஒரு தொடர்கதை படித்துக்கொண்டிருந்தேன். "நெஞ்சைக் கரிக்கிற மாதிரி இருக்கு, கொஞ்சம் வெந்நீர் குடேன்" என்றார். "இதோ, இந்தப் பக்கத்தை முடிச்சுட்டு வரேன்" என்றேன். முடித்துவிட்டுப் போனபோது சட்டை முழுக்க வியர்வை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. வயது 46.

அந்த ஐந்து நிமிஷத்தால் ஒன்றும் மாறியிருக்காது என்று டாக்டர் சொன்னார். காது கேட்டுக்கொண்டது, மனசு கேட்கவில்லை. அதற்குப் பிறகு எந்தக் காகிதத்தை எடுத்தாலும் மூன்றாவது வரிக்கு மேல் போகாது. எழுத்து எழுத்தாகவே நிற்கும். பரணைத் திரும்பிப் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

ஊரும் புதுசு, வேலையும் புதுசு

அவர் அரசு ஊழியர். கருணை அடிப்படையில் வேலை கேட்டு மனு கொடுத்து, மூன்று வருஷம் அலைந்தேன். வாரிசுச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், அந்தத் தடையின்மைச் சான்று, இந்த உறுதிமொழி என்று எத்தனை வாசற்படிகள்! 2022 ஆகஸ்டில் ஆர்டர் வந்தது. இளநிலை உதவியாளர் வேலை. ஊர் தூத்துக்குடி.

"பொம்பளை தனியா அவ்வளவு தூரம் போகணுமா?" என்று கொழுந்தனார் கேட்டார். கேட்டதில் தப்பில்லை. ஆனால் பையன் திருச்சியில் எஞ்சினீயரிங் படிக்கிறான், ஹாஸ்டல் பணம் கட்ட வேண்டும். பெண் ப்ளஸ் ஒன். மாமியாரைக் கொழுந்தனார் வீட்டில் விட்டுவிட்டு, பெண்ணைக் கூட்டிக்கொண்டு, நாலு மூட்டையோடு பஸ் ஏறினேன். எனக்கு அப்போது 42 வயது. அதுவரை மாதச் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்டதில்லை.

தூத்துக்குடியில் முதலில் படுத்தியது தண்ணீர். காவிரித் தண்ணீரில் வளர்ந்த எனக்கு, குளிக்கிற தண்ணீர் உப்புக் கரித்தால் எப்படி இருக்கும்? அடுத்தது பேச்சு. "இங்கன வாங்க", "அங்கன போங்க" என்று அவர்கள் சொன்னால் எனக்கு ஒரு விநாடி கழித்துத்தான் புரியும். நான் பேசினால் அவர்கள் சிரிப்பார்கள். ஒரு மாடி போர்ஷன் கிடைத்தது. கீழே வீட்டுக்கார ஆச்சி தனியாக இருந்தார். எழுபது தாண்டியவர். கப்பலில் வேலை பார்க்கும் மகன் கட்டிக்கொடுத்த வீடு.

ஆபீஸோ தனி உலகம். காலையில் தபால் வரும். அதைத் தன்பதிவேட்டில் பதிய வேண்டும். ந.க. எண் போட வேண்டும். கோப்பில் சேர்த்து, குறிப்பு எழுதி, வரைவு வைத்து மேலே அனுப்ப வேண்டும். 'பார்வை 1, பார்வை 2' என்றால் என்ன என்றே எனக்குத் தெரியாது. போட்டித் தேர்வு எழுதி வந்த பெண் ஒருத்தி பக்கத்து சீட்டில். என் பெண்ணை விட எட்டு, ஒன்பது வயதுதான் மூத்தவள். "அக்கா, பயப்படாதீங்க. கம்ப்யூட்டர்ல தமிழ் டைப்பிங் ஒரு மாசத்துல வந்துரும்" என்று தைரியம் சொல்லி, தன் வேலையை நிறுத்திவிட்டு எனக்குச் சொல்லிக் கொடுப்பாள்.

டைப்பிங் வந்துவிட்டது. படிக்கத்தான் வரவில்லை.

இரண்டு பஸ் மாறி வந்தவர்

அந்த வருஷம் நவம்பரில் ஒரு மனு வந்தது. இறந்துபோன கணவரின் குடும்ப ஓய்வூதியம் கேட்டு ஓர் அம்மாள் கொடுத்தது. யாரையோ பிடித்துக் கைப்பட எழுதச் சொல்லியிருந்தார். இரண்டு பக்கம், நெருக்கமான எழுத்து. வழக்கம்போல மூன்றாவது வரியில் என் கண் நின்றுவிட்டது. புரட்டினேன். 'வாரிசுச் சான்றிதழ் இணைக்கப்படவில்லை' என்று குறிப்பு எழுதி, மனுவைத் திருப்பி அனுப்பும் கடிதத்தை வைத்துவிட்டேன். கையெழுத்தாகிப் போய்விட்டது.

பத்து நாள் கழித்து அந்த அம்மாளே நேரில் வந்தார். உடன்குடிப் பக்கத்துக் கிராமத்தில் இருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். காலில் செருப்பில்லை. திருப்பி அனுப்பிய காகிதங்களை என் மேஜையில் வைத்து, கடைசித் தாளைப் புரட்டிக் காட்டினார். அங்கே, மனுவின் பின்னாலேயே, வாரிசுச் சான்றிதழ்!

அவர் கத்தவில்லை. "படிச்சுப் பார்க்கலையா, தாயீ?" என்று மட்டும் கேட்டார்.

மூன்று வருஷம் நானும் இதே மாதிரி காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு மேஜை மேஜையாக நின்றவள்தானே? மேஜைக்குப் பின்னால் இருப்பவர்கள் புரட்டுவதைப் பார்த்து, 'படிக்கக்கூட மாட்டேங்கிறாங்களே' என்று வயிறெரிந்தவள்தானே? இப்போது அந்த நாற்காலியில் நான். எழுந்து போய் பாத்ரூமில் அழுதேன்.

கண்காணிப்பாளர் ஒரு பெண்மணி, கண்டிப்பானவர். அன்றைக்கே கோப்பைத் தானே எழுதி மேலே அனுப்பினார். பிறகு என்னைக் கூப்பிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "உங்களுக்கு எழுத்து தெரியாமலா இருக்கு? படிக்கிறது விட்டுப் போச்சு, அவ்வளவுதான். சின்னப் பிள்ளை மாதிரி விரல் வச்சுப் படிங்க. ஒரு தபாலை முடிக்காம அடுத்ததைத் தொடாதீங்க. சாயங்காலம் வீட்டுக்குப் போய் ஏதாவது கதை படிங்க. நம்ம கிளை நூலகத்துல சேருங்க" என்றார்.

விரல் வைத்துப் படித்தேன். பக்கத்து சீட்டுப் பெண் பார்த்தாலும் பரவாயில்லை என்று வாய் அசைத்துப் படித்தேன். தபால் படிக்க வந்தது. ஆனால் கதை?

நூலகத்தின் வாசலில்

ஆபீஸ் போகிற பெண்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது. எங்கள் கிளை நூலகத்துக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். உறுப்பினராகச் சேர ஆகிற செலவு இரண்டு பேர் டீ, வடை சாப்பிடுகிற காசுதான். 1948-ல் அன்றைய சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் முதலில் வந்த நூலகச் சட்டம் அதுதான். அதற்குப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் எங்கள் தஞ்சாவூர்ச் சீமைக்காரர், சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். நாம் கட்டுகிற வீட்டு வரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியும் சேர்ந்துதான் போகிறது. ஆக, அங்கே இருப்பது நம் காசில் வாங்கிய புத்தகம். கூச்சப்படாமல் உள்ளே போகலாம்.

போனேன். 2023 ஜனவரி. ஆசையோடு 'பொன்னியின் செல்வன்' முதல் பாகத்தை எடுத்து வந்தேன். சின்ன வயதில் மூன்று தடவை படித்ததாயிற்றே, தானாக ஓடும் என்று நினைத்தேன். ஓடவில்லை. அந்த நாள் ஞாபகம், அம்மாவின் பரண், அவர் வாங்கி வந்த புத்தகங்கள் எல்லாம் ஒன்றாக வந்து முன்னால் நின்றன. நாலு பக்கம் தாண்டவில்லை. தாமதக் கட்டணத்தோடு திருப்பிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை.

மறுபடி போனது பெண்ணுக்காக. ப்ளஸ் டூ கைடு ஏதாவது கிடைக்குமா என்று தேடப் போனோம். அவள் தேடும்போது நான் சும்மா அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். 'கரிப்பு மணிகள்' என்ற பெயர் கண்ணில் பட்டது. ராஜம் கிருஷ்ணன் எழுதியது. புரட்டினால், தூத்துக்குடி உப்பளத் தொழிலாளிகளின் கதை! ஒரு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், உப்பளத்தைப் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். வெள்ளை வெளேரென்று பாத்தி பாத்தியாகத் தெரியும். அவ்வளவுதான். எனக்காக இல்லாவிட்டாலும், கீழ் வீட்டு ஆச்சிக்குச் சொல்லலாமே என்று எடுத்துக்கொண்டேன். ஆச்சி சின்ன வயசிலிருந்து முட்டி தேய்கிற வரை அளத்தில் வேலை பார்த்தவர் என்பது எனக்குத் தெரியும்.

ஆச்சி கேட்ட கேள்வி

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் மாடிப்படியில் உட்கார்ந்து, "ஆச்சி, உங்க அளத்தைப் பத்தி ஒரு புஸ்தகம் வந்திருக்கு" என்றேன். 1979-லேயே வந்த புத்தகம் அது!

"அளத்தப் பத்தியா? அதுல எழுதுததுக்கு என்ன இருக்கு?" என்றார்.

ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உரக்கப் படித்தேன். ஒரு பக்கம், இரண்டு பக்கம், பத்துப் பக்கம். மூன்றாவது வரியில் நிற்கிற என் கண், அன்றைக்கு நிற்கவில்லை. நிற்க விடவில்லை ஆச்சி. "பொறவு?" "பொறவு என்னாச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

நடுநடுவே என்னை நிறுத்தித் தன் கதையைச் சொல்வார். விடியுமுன்னே கிளம்பிப் போவார்களாம். வெயில் ஏறினால் உப்பின் வெள்ளை கண்ணைக் குத்துமாம். கால் வெடிப்பில் உப்புத் தண்ணீர் இறங்கினால் ராத்திரி முழுக்க எரியுமாம். "மழை பெய்ஞ்சா ஊருல எல்லாரும் சந்தோசப்படுவாவ. எங்க வீட்டுல அடுப்பு அணையும்" என்றார். மழைக் காலத்தில் அளத்தில் வேலை கிடையாது என்பதையே அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு நாளும் ரசத்தில் போடுகிற உப்பு! அது எங்கிருந்து, யார் காலில் இருந்து வருகிறது என்று 42 வருஷம் நான் நினைத்துப் பார்த்ததில்லை.

மூன்றாவது நாள் ஆச்சி கேட்டார்: "இந்தம்மா எந்த ஊரு? அளத்துல வேலை பார்த்தவளா?"

"இல்லை ஆச்சி. முசிறியில பிறந்தவங்க. பதினஞ்சு வயசுல கல்யாணம். இந்த ஊருக்கு வந்து, அளத்து ஜனங்களைப் பார்த்து, கேட்டு, எழுதியிருக்காங்க."

ஆச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. "கேட்டாளா? எங்க ஆளுகள்ட்டயா?" என்றார். பிறகு, "எங்கள்ட்ட எவன் கேட்டான், இத்தனை வருசத்துல!" என்றார்.

எனக்கு உடன்குடி அம்மாளின் முகம் ஞாபகம் வந்தது.

அன்று முதல் தினம் பத்துப் பக்கம். எனக்கு உடம்பு சரியில்லை என்றாலும் ஆச்சி விடமாட்டார். என் பெண்ணும் பாடப் புத்தகத்தை மூடிவிட்டுப் படியில் வந்து உட்காருவாள். தவணை முடிந்ததும் நூலகத்தில் காட்டி, மறுபடி பதிந்து எடுத்து வந்தேன்.

வெள்ளம் வந்த ராத்திரி

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மழை என்றால் அப்படி ஒரு மழையை நான் கண்டதில்லை. பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குப் பெய்தது என்று பிறகு பேப்பரில் போட்டார்கள். கரண்ட் போயிற்று. தெருவில் இடுப்பளவு தண்ணீர். கீழ் வீட்டுக்குள் புக ஆரம்பித்ததும், நானும் பெண்ணும் இறங்கி ஆச்சியை மேலே கூப்பிட்டோம். ரேஷன் கார்டு, ஆதார், அரிசிப் பானை என்று நான் கையில் கிடைத்ததை எடுக்கிறேன். ஆச்சி என்னமோ ஒன்றைப் புடவையில் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு படியேறினார். நகைப் பெட்டி என்று நினைத்தேன்.

மேலே வந்து பிரித்தால், நூலகப் புத்தகம்! முந்தின ராத்திரி நான் கீழே மறந்து வைத்துவிட்டது. "அரசாங்கத்துப் புத்தகம்லா? நனைஞ்சா உன்னைல்லா கேப்பாவ" என்றார்.

கரண்ட் இல்லை, போன் இல்லை, குடிக்க ஒரு குடம் தண்ணீர். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மீதிக் கதையைப் படித்தேன். வெளியே தண்ணீர்ச் சத்தம், உள்ளே என் குரல். அந்த ராத்திரிதான், யாரிடமும் சொல்லாத அந்த ஐந்து நிமிஷத்தை ஆச்சியிடம் சொன்னேன். 'இந்தப் பக்கத்தை முடிச்சுட்டு வரேன்' என்று சொன்னதை. என் பெண்ணும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆச்சி ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "எங்க வீட்டுக்காரரு செத்த நேரத்துல நான் அளத்துல உப்பு வாரிக்கிட்டு இருந்தேன். ஆள் வந்து சொல்லித்தான் தெரியும். அதுக்காவ, பொறவு உப்பில்லாமலா சோறு தின்னேன்? படி பிள்ளே, பொறவு என்னாச்சு?" என்றார்.

என் பெண் என் தோளில் சாய்ந்துகொண்டாள். நான் படித்தேன்.

அதற்குப் பிறகு

தண்ணீர் வடிய நாட்கள் ஆயின. ஆபீஸ் திறந்ததும் மனுக்கள் குவிந்தன. வெள்ளத்தில் சான்றிதழ் போனவர்கள், பாஸ்புக் போனவர்கள், வீடு போனவர்கள். ஈரத்தில் மை ஊறிய காகிதங்கள். ஒவ்வொன்றையும் விரல் வைத்து, கடைசி வரி வரை, பின்பக்கமும் திருப்பிப் படித்தேன். ராத்திரி எட்டு மணி ஆனாலும் சலிப்புத் தட்டவில்லை. மனுவும் ஒருவர் நம்மிடம் சொல்கிற கதைதானே? நடுவில் நிறுத்தினால், சொல்கிறவர் அப்படியே நின்றுவிடுகிறார்.

உடன்குடி அம்மாளுக்கு ஓய்வூதியம் எப்போதோ வந்துவிட்டது. அதில் என் பங்கு ஒன்றுமில்லை, தாமதத்தைத் தவிர. அதை மறக்கக் கூடாது என்று, 'பின்பக்கம் பார்' என்று ஒரு சீட்டு எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

2024-ல் பெண் ப்ளஸ் டூ முடித்தாள். நான் பவானிசாகர் பயிற்சிக்குப் போய் வந்தேன். துறைத் தேர்வும் எழுதித் தேறினேன். நாற்பத்து நாலு வயதில் ஹாஸ்டல் வாசம், பரீட்சைப் பயம்! அங்கே இருந்தபோதும் போனில் ஆச்சிக்குப் பத்துப் பக்கம் படித்துக் காட்டினேன் என்றால் நம்புவீர்களா? ராஜம் கிருஷ்ணனின் நூல்கள் 2009-லேயே நாட்டுடைமை ஆகிவிட்டன. அதனால் அவர் புத்தகங்கள் சுலபமாகக் கிடைக்கின்றன. 'குறிஞ்சித்தேன்', 'வேருக்கு நீர்' என்று ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கிறோம். "அந்த முசிறிக்காரி புத்தகம் வேற இருக்கா?" என்று ஆச்சிதான் கேட்டு வாங்குகிறார்.

சகோதரிகளே, படிக்கிற பழக்கம் விட்டுப்போய் ஏங்குகிறவர்கள் என்னைப் போல் பலர் இருப்பீர்கள். கல்யாணம், பிள்ளைப்பேறு, ஊர் மாற்றம், வேலை, துக்கம் என்று ஏதோ ஒன்று வந்து நிறுத்தியிருக்கும். என் அனுபவத்தில் கண்டதைச் சொல்கிறேன். முன்னே பிடித்த புத்தகத்திலேயே ஆரம்பிக்க வேண்டும் என்றில்லை. இப்போது இருக்கிற ஊரைப் பற்றி, பார்க்கிற வேலையைப் பற்றி ஒன்று எடுங்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம் போதும். தனியாகப் படிக்க வரவில்லை என்றால், படிக்கத் தெரியாத ஒருவருக்கோ கண் தெரியாத பெரியவருக்கோ உரக்கப் படித்துக் காட்டுங்கள். 'பொறவு?' என்று கேட்க ஓர் ஆள் இருந்தால் கண் நடுவில் நிற்காது.

போன பொங்கலுக்குக் கும்பகோணம் போனபோது, பரணில் ஏறி அம்மாவின் பைண்டுகளைத் தட்டி எடுத்தேன். அதற்கு நடுவே 2019-ல் பாதியில் நின்ற அந்த வாரப் பத்திரிகையும் இருந்தது. தொட்டேன், எடுத்தேன். தூத்துக்குடிக்குக் கொண்டு வந்துவிட்டேன்.

ஆச்சியிடம் சொல்லியிருக்கிறேன். கையில் இருக்கிற புத்தகம் முடிந்ததும், அடுத்து அதுதான்.

– ஒரு வாசகி, தூத்துக்குடி.